டவுனுக்கும் கரட்டுப் பாதைக்கும் ஒரே வண்டி: முதல்முறை எஸ்யூவி வாங்குபவர்களுக்கு

வார நாட்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு டிராஃபிக்கில் ஊர்ந்து வேலைக்குப் போக வேண்டும். மாதத்தில் ஒன்றிரண்டு முறை, தார் முடிந்து ஜல்லி தொடங்கும் பாதையில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி, அதுவும் கையைக் கடிக்காத விலையில் வேண்டும் என்று எஸ்யூவி பக்கம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு வண்டியை எட்டு வருடமாக ஓட்டுகிறேன். இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியவற்றை, நீங்கள் செய்யவேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். மோசமான ரோடு வண்டியில் முதலில் தின்பது ரப்பரைத்தான். டயர், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ், ஆக்ஸில் முனையை மூடும் பூட், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் எல்லாவற்றிலும் வேலை செய்வது ரப்பர். அதைக் கவனித்துக்கொண்டால் இரும்பு பெரும்பாலும் தப்பித்துவிடும்.

வாங்கும் முன்

உயரமாக நிற்பதாலேயே இது ஜீப் ஆகிவிடாது. ஜீப் வகை வண்டிகளில் அடியில் ஏணி மாதிரி ஒரு கனமான இரும்புச் சட்டம் இருக்கும். பாடி அதன்மேல் தனியாக உட்காரும். 1994ல் வந்த டொயோட்டா ராவ்4 போன்ற வண்டிகள் வேறு வழியில் போயின. காரைப் போல ஒரே கூடாகச் செய்த பாடி, அதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியது, அவ்வளவுதான். இன்று குறைந்த விலையில் வரும் குடும்ப எஸ்யூவிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. டவுனில் இதனால் லாபம்தான்: எடை குறைவு, எரிபொருள் குறைவு, வளைவில் கார் மாதிரி நிற்கும். ஜல்லிப் பாதை, மண்பாதை, குண்டும் குழியுமான ரோடு எல்லாம் நிதானமாகப் போனால் தாங்கும். பாறைமேல் ஏறவோ, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க ஓடையைக் கடக்கவோ இதைச் செய்யவில்லை.

விளம்பரத்தில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். இந்த வகை வண்டிகளில் அது பெரும்பாலும் 180லிருந்து 210 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அது காலி வண்டிக்கான அளவா, லோடு ஏற்றிய பிறகுள்ள அளவா என்று கேளுங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறியதும் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதைவிட முக்கியம், ஷோரூமில் வெட்கப்படாமல் மண்டியிட்டு அடியில் பார்ப்பது. எது எல்லாவற்றுக்கும் கீழே தொங்குகிறது? சைலன்சர் குழாயா, பின் ஆக்ஸிலா, எஞ்சினுக்கு அடியில் மாட்டிய பிளாஸ்டிக் தட்டா? முன் பம்பரின் உதடு எவ்வளவு தாழ்ந்து நீண்டிருக்கிறது? பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முதலில் இடிக்கும் இடம் அதுதான். 200 மில்லிமீட்டர் உயரம் இருந்தும் பம்பர் தரையில் உரசும் வண்டிகள் உண்டு.

நான்கு சக்கர டிரைவ் வேண்டுமா? சேறு, மணல், பனி, வழுக்கும் ஏற்றம் இவை உங்கள் வழியில் அடிக்கடி வருமானால் வேண்டும். இல்லையென்றால் இரண்டு சக்கர டிரைவும் நல்ல டயரும் போதும் என்பதே என் கருத்து. நான்கு சக்கர டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் பிடித்து நிற்பதும் வளைவில் வழுக்காமல் இருப்பதும் டயர் கையில்தான் இருக்கிறது. மிச்சமாகும் பணத்தை, கூடுதல் ஏர்பேக், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி ஆகியவை உள்ள மாடலுக்குப் போடுங்கள். உயரமான வண்டி திடீரென்று வளைந்தால் கவிழும் வாய்ப்பு காரைவிட அதிகம், அதனால் ஈஎஸ்சி இல்லாத எஸ்யூவியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பெரிய அலாய் வீலுக்கு மயங்காதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். டயர் பக்கச் சுவரில் 215/60 R17 என்று இருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். அதே வண்டியின் விலை கூடிய மாடலில் 215/55 R18 வரும். பக்கச் சுவர் 118 மில்லிமீட்டர். வெளியே பார்க்கச் சக்கரம் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது. கரட்டுப் பாதைக்கு சின்ன ரிம், தடித்த டயர்தான் சரி. அழகு கொஞ்சம் குறையட்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு நல்ல ரோட்டில் மட்டும் கூட்டிப்போவார்கள். பக்கத்தில் இருக்கும் மோசமான தெரு ஒன்றை நீங்களே சொல்லி அங்கே ஓட்டுங்கள். பின் சீட்டில் வீட்டுப் பெரியவர்களை உட்காரச் சொல்லுங்கள். பள்ளத்தில் வண்டி எப்படிக் குதிக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் இருப்பவர் இடுப்புக்குத்தான் தெரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள், அப்புறம் மறுபக்கம். எந்தச் சத்தமும் வரக் கூடாது.

வண்டி வந்த முதல் வாரம்: டயரும் காற்றும்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவிலோ தூணிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் எரிபொருள் மூடிக்குப் பின்னால் இருக்கும். காற்று எவ்வளவு என்பது அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு அளவுகள்: குறைந்த ஆட்களோடு போகும்போது ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. டயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து காற்று அடிப்பது பலர் செய்யும் தவறு. வண்டி சில மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்கும்போது, காலையில் முதல் வேலையாக அளவு பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். வெளியே வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினாலே காற்றழுத்தம் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ குறைந்துவிடும், அதனால் பருவம் மாறும்போது கட்டாயம் பாருங்கள்.

காற்று குறைந்த டயர் பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே பக்கச் சுவர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, ஒரு வாரம் கழித்து வெளியே முட்டைபோல ஒரு வீக்கம் தெரியும். அந்த டயருக்கு ஒட்டு கிடையாது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதோடு ஹைவேயில் போகாதீர்கள்.

தரையில் படும் டயர் பூவின் அடியில், பள்ளங்களுக்குள், சின்ன மேடுகள் குறுக்கே இருக்கும். தேய்மானம் அந்த மேடு வரை வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். பல நாடுகளில் சட்டப்படியான கடைசி அளவு அது. நான் அதுவரை காத்திருப்பதில்லை, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். ஈரத்தில் நிற்கும் தூரம் அதற்குள்ளேயே கூட ஆரம்பித்துவிடும். டயரின் வயதையும் பாருங்கள்: டாட் (DOT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றுங்கள்.

ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். மற்ற நான்கைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிக டயர்; 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, காற்றும் பொதுவாக 60 பிஎஸ்ஐ கேட்கும். சில வண்டிகளில் ஸ்டெப்னியே இருக்காது, பஞ்சர் திரவமும் பம்பும் மட்டும் தருவார்கள். திரவம் சின்ன ஆணி ஓட்டைக்கு உதவும், கல் கிழித்த பக்கச் சுவருக்கு உதவாது. இடம் இருந்தால் முழு அளவு டயர் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். நான் முதல் மாதத்திலேயே செய்தேன், இரண்டு முறை அதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்து டயர் மாற்றிப் பழகுங்கள். ஜாக்கிக்கு அடியில் போட ஒரு தடித்த பலகைத் துண்டு வண்டியில் இருக்கட்டும், மண் தரையில் ஜாக்கி வண்டியைத் தூக்காமல் மண்ணுக்குள் இறங்கும். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 50 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

லோடு ஏற்றுவது

வண்டி அதிகபட்சம் எவ்வளவு மொத்த எடையோடு ஓடலாம் என்று கையேட்டில் இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடியது. 450 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினாலே 350 போய்விட்டது. டிக்கிக்கும் கேரியருக்கும் சேர்த்து மிச்சம் 100 கிலோதான்.

கனமானதை டிக்கியில் அடியில், பின் சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். கூரைக் கேரியரில் லேசான, இடம் அடைக்கும் பொருட்கள் மட்டும். கூரை தாங்கும் எடை பல வண்டிகளில் 50லிருந்து 75 கிலோதான், கேரியரின் எடையும் அதில் சேர்ந்தது. குழந்தை சீட்டை, அதை மாட்டவென்றே பின் சீட்டில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டி, மேல் வாரையும் இழுத்துக் கட்டுங்கள். கரட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கி வார் தளரும்; நிறுத்தும்போதெல்லாம் ஒரு கை வைத்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுவது

பள்ளத்தைப் பார்த்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், அது சரி. ஆனால் பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் இறங்கும் கணத்தில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் வண்டியின் மூக்கு தாழ்ந்து முன் சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியை வாங்கிக்கொள்ள அதற்கு இடம் இருக்காது. கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நேராக இறங்கும் அடியைவிட ரிம்மின் ஓரத்தில் படும் அடி மோசமானது. இதற்குப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது, இப்போது கால் தானாகச் செய்கிறது.

ஜல்லியில் சக்கரம் போவது கோலிக்குண்டுகள்மேல் உருளுவதுபோல. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் நிற்கும் தூரம் தார் ரோட்டைவிடக் கூடுதலாகவே ஆகும், அதனால் முன்னால் போகும் வண்டியிலிருந்து நன்றாக விலகி இருங்கள். புழுதியிலிருந்தும் கல்லடியிலிருந்தும் அப்படியே தப்பிக்கலாம். இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் எல் அல்லது மேனுவல் முறை இருக்கும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் ஒரு வகையான இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ளவர்கள், மேட்டில் டிராஃபிக் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டாம். உள்ளே கிளட்ச் பாதிப் பிடிப்பில் வெந்துகொண்டிருக்கும். பிரேக்கில் நில்லுங்கள்.

தண்ணீரில் துணிச்சல் வேண்டாம். கையேட்டில் ஆழம் கொடுத்திருந்தால் அதுதான் எல்லை. ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், 60 சென்டிமீட்டர் எஸ்யூவியையும் இழுத்துக்கொண்டு போகும். தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். பத்திரமாகக் கடந்துவிட்டீர்களா, கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டி ஈரத்தைக் காயவையுங்கள்.

சேற்றில் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். ஆட்களை இறக்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மண்ணைச் சரித்துவிட்டு, கல்லோ பலகையோ கால்மிதியோ போடுங்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துப் பார்க்கலாம். சக்கரம் வழுக்கினாலே எஞ்சின் சக்தியைக் குறைப்பது அதன் வேலை, சேற்றில் அது சில நேரம் எதிராக நிற்கும். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். இழுக்கும் கொக்கி பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் இருக்கும். பல வண்டிகளில் அதன் மரை இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும்.

திரும்பி வந்த மறுநாள்: ஐந்து நிமிடம் அடியில் பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது தவறாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய மூன்றாவது வருடம், பார்க்கிங்கில் முழுதாக வளைக்கும்போது வலது முன் சக்கரத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். நேராகப் போனால் இல்லை. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் டார்ச்சோடு குனிந்து பார்த்தபோது, ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்து, அதன்மேல் மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஆக்ஸில் முனையில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிழிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா ரப்பரோட முடிஞ்சிருக்கும் சார். இப்ப கிரீஸ் எல்லாம் வெளியே, மண் எல்லாம் உள்ளே." ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கரட்டுப் பயணத்துக்கும் பிறகு நான் முதலில் பார்ப்பது அந்த மடிப்புகளைத்தான்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்தினால் ஜாக்கி இல்லாமலேயே முன் சக்கரத்துக்குப் பின்னால் நிறையத் தெரியும். பூட் கிழிந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பர் உடலில் எண்ணெய் வழிந்திருக்கிறதா, பிரேக் ஹோஸ் எதிலும் உரசியிருக்கிறதா, எஞ்சின் அடித்தட்டின் கிளிப் ஏதும் விழுந்து ஒரு ஓரம் தொங்குகிறதா என்று பாருங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் வெடித்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் தலையை விடும் வேலை எதையும் ஜாக்கியை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள்.

காதும் நிறையச் சொல்லும். சின்னச் சின்ன மேட்டில் 'டொக் டொக்' என்றால் பெரும்பாலும் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது புஷ். வேகம் கூடக் கூட ரீங்காரம் கூடி, வளைவில் அது மாறினால் வீல் பேரிங். ஒருமுறை நாலு பேரோடு போகையில் சக்கரத்திலிருந்து இரும்பை அறுப்பதுபோல 'கிரீச்' என்று ஒரே அலறல். பின்னால் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இறங்கிப் பார்த்தால், பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கல். நாலைந்து மீட்டர் பின்னால் எடுத்ததும் தானாக விழுந்துவிட்டது.

ஸ்டியரிங் நேராக இல்லாமலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, அதாவது அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் புஷ் தளர்ந்திருக்கும்போது அலைன்மென்ட் செய்தால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும், முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மட்கார்டுக்குள் ஒட்டிய சேற்றைக் கழுவிவிடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். ரேடியேட்டர் பக்கம் பிரஷர் குழாயை நெருங்கிக் காட்டாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

சர்வீஸ்

கையேட்டில் பொதுவாக இரண்டு சர்வீஸ் அட்டவணைகள் இருக்கும்: சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடினப் பயன்பாட்டுக்கு ஒன்று. புழுதி, குண்டும் குழியும், நின்று நின்று போகும் டிராஃபிக், எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குட்டிப் பயணம் இவையெல்லாம் கடினப் பட்டியலில்தான் வரும். அதாவது நாம் ஓட்டுவது அத்தனையும். எஞ்சின் ஆயிலை அந்த அட்டவணைப்படி மாற்றுங்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாதக் கணக்கு ஆகியிருந்தால் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடம்தான் கணக்கு.

டீசலா பெட்ரோலா என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு: புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, எஞ்சின் சூடாக, தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூட டிரிப் மட்டும் என்றால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது இருபது, முப்பது நிமிட ஹைவே ஓட்டம் இல்லாதவர்களுக்குப் பெட்ரோல் நிம்மதி.

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், எந்தச் சத்தம், எந்த வேகத்தில், நேராகப் போகும்போதா வளைக்கும்போதா என்று உடனே எழுதிவிடுங்கள். "என்னவோ சத்தம் வருது" என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், பட்டறையின் சமதளத் தரையில் அந்தச் சத்தம் வரவே வராது, "ஒண்ணும் இல்லை" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். மெக்கானிக்கையே ஓட்டச் சொல்லி, சத்தம் வரும் ரோட்டுக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.